மேனேஜரின் கல்

மஞ்சள் மீன் கல்லில் உடம்பைத் தேய்ப்பதை முதலில் பார்த்தவள் அவள்தான். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், ஒரு காலில் செருப்பும் மறுகாலில் வெறும் பாதமுமாக ஹாலுக்குத் திரும்பி வந்து தொட்டியின் முன் குனிந்தாள். மீன் மறுபடி பக்கவாட்டில் சரிந்து, அரிப்பு தாங்காததுபோல் ஓர் உரசு உரசிவிட்டு விலகியது. வாலோரத்தில் ஏழெட்டு வெள்ளைப் புள்ளிகள். பொடியுப்பைத் தூவிவிட்டதுபோல இருந்தது.

"என்னங்க, மேனேஜருக்கு உடம்பு சரியில்ல போலருக்கே."

தொட்டிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணவர், "ஆமா" என்றார்.

அவருக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு சொல்தான். ஒன்பது மாதத்துக்கு முன்பு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டபோது வலது கை போயிற்று, வலது கால் பாதி போயிற்று, பேச்சு முழுக்கப் போயிற்று. நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் கண் திறந்தவரிடம் அவள் முதலில் கேட்டது, "என்னைத் தெரியுதாங்க?" என்பதுதான். அவர் அவள் முகத்தையே பார்த்துவிட்டு, "ஆமா" என்றார். "உள்ள எவ்வளவு தங்கியிருக்குன்னு இப்ப சொல்ல முடியாதும்மா" என்று டாக்டர் சொன்னது அவள் காதில் சரியாக ஏறவில்லை. தெரியுதா என்றதற்கு ஆமா என்று சொல்லிவிட்டாரே, அதற்கு மேல் என்ன வேண்டும்?

அவர் முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால், கதவைத் திறக்கும்வரை வெளியே நின்று பேசிக்கொண்டே இருப்பார். "பயப்படாதீங்க, நான் இங்கயேதான் இருக்கேன். உங்க வீட்ல எத்தன பேரு? காலைல என்ன சாப்டீங்க?" என்று கேள்வி மேல் கேள்வி கேட்பார். உள்ளே இருப்பவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் போதும், பயம் ஏறாது என்பது அவருடைய கணக்கு. இப்போது அவள் அதையே செய்துகொண்டிருந்தாள். ஆள் உள்ளே முழுசாக இருக்கிறார், கதவுதான் சிக்கிக்கொண்டது என்று நம்பினாள். காலையிலிருந்து படுக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பாள். டீ போடவா? ஃபேன் போதுமா? வலிக்குதா? எல்லாவற்றுக்கும் ஆமா வரும்.

மேனேஜர் என்பது மீனுக்கு அவர் வைத்த பெயர். உள்ளங்கை அகலத்தில் எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் இருக்கும் கடல்மீன் அது. தொட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, மற்ற மீன்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். "எங்க கம்பெனி மேனேஜரும் இதேதான். வேலைன்னு ஒண்ணும் கிடையாது, ரவுண்டு மட்டும் கரெக்டா வருவான்" என்பார். பதினொரு வருடம் ஆயிற்று. அவர் கண்ணாடியில் விரலால் மூன்று தட்டுத் தட்டினால் எங்கிருந்தாலும் ஓடி வரும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று இடது கை விரலால் தட்டினார். கை மாறினாலும் தட்டு மாறவில்லை. மீன் வந்தது. பக்கத்தில் நின்ற அவளுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. மீனுக்கே தெரிகிறது, இவர் அவர்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

நோய் எப்படி வந்தது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஒன்பது நாளைக்கு முன்பு சனிக்கிழமை, அவள் வேலையில் இருந்தபோது நாத்தனார் வந்திருந்தாள். அண்ணன் சந்தோஷப்படட்டும் என்று குட்டி நீல மீன் ஒன்றைப் பையில் வாங்கி வந்து, நேரே தொட்டியில் விட்டுவிட்டாள். எந்தப் புது மீனையும் ஒரு மாதம் தனியே வைத்துப் பார்க்காமல் அவர் தொட்டியில் விட்டதே இல்லை.

புள்ளிகளைப் பார்த்த அன்று சாயங்காலம் அவள் நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

"ஐயோ அண்ணி, நான் என்ன எனக்குத் தெரிஞ்ச மாதிரியா செஞ்சேன்? அண்ணனைக் கேட்டுத்தான் விட்டேன். 'போடவாண்ணே'ன்னு கேட்டேன், 'ஆமா'ன்னுச்சு."

"நீ ஆசையா வாங்கிட்டு வந்திருக்கே. வேணாம்னா உன் மனசு நோகுமேன்னு சொல்லியிருப்பாரு."

"சரி அண்ணி, அப்படியே இருக்கட்டும்" என்றாள் நாத்தனார்.

அவரிடம் ஒரு தடித்த நோட்டு இருந்தது. கிரீஸ் கறை படிந்த அட்டையும், எழுத்தைவிடக் கோடுகள் அதிகமாக இருக்கும் பக்கங்களுமாக, பதினொரு வருடத் தொட்டிக் கதை முழுவதும் அதில் இருந்தது. அவள் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருபத்திரண்டு வருடமாக மருந்து எடுத்துக் கொடுப்பவள். டாக்டர்களின் கிறுக்கலையே படித்துப் பழகியவளுக்கு லிஃப்ட் மெக்கானிக்கின் கையெழுத்து ஒன்றும் பெரிய காரியமில்லை. வெள்ளைப் புள்ளி என்ற தலைப்பில் நாலு பக்கம் இருந்தது. மீன் உடம்பிலிருந்து கிருமி உதிரும், கல்லிலும் மண்ணிலும் முட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு பெருகும், வெடித்து வெளியே வந்து மறுபடி மீனைத் தேடும். அப்படித் தேடி நீந்தும் நேரத்தில்தான் செம்பு மருந்து அதைக் கொல்லும். பெரிய தொட்டியில் செம்பு விடவே கூடாது. விட்டால் பவளமும் நத்தையும் செத்துவிடும். ஆகவே எல்லா மீனையும் தனித்தொட்டிக்கு மாற்ற வேண்டும், முப்பது நாள் செம்பில் வைக்க வேண்டும். பெரிய தொட்டி பதினொரு வாரம் மீனில்லாமல் கிடக்க வேண்டும். மீன் கிடைக்காமல் கிருமி பட்டினியில் சாகும்.

அதற்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தார்: 'தனித்தொட்டியில் கல் கூடாது. மண் கூடாது. செம்பைக் குடித்துவிடும். வெறும் பிளாஸ்டிக் குழாய் போதும். பாவம் பார்க்காதே.'

துணி தேய்க்கும் அறையில், இஸ்திரி மேஜையை நகர்த்திவிட்டுத் தனித்தொட்டியை வைத்தாள். ஹீட்டர், காற்று மோட்டார், பஞ்சு வடிகட்டி, மேலே ஒரு மூடி. மீன் மிரளாமல் இருக்க மூன்று பக்கமும் பழைய செய்தித்தாளை ஒட்டினாள். மறைந்துகொள்ள, வீடு கட்டும்போது மிஞ்சிய அகலமான வடிகால் குழாயின் வளைவுத் துண்டு ஒன்றை வாய் பின்சுவரைப் பார்த்தபடி வைத்தாள். இந்த அறைக்குத் தனி வலை, தனி வாளி, தனித் துண்டு.

கோமாளி மீன் ஜோடி சுலபமாக மாட்டியது. அதில் பெண்தான் பெரியது, ஆண் அதன் பின்னாலேயே சுற்றும். "வீட்டுக்கு வீடு இதே கதைதான்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் அவர் சொல்லிச் சிரித்த மீன்கள். நீலக்குட்டியும் மாட்டியது. மேனேஜர்தான் முக்கால் மணி நேரம் தண்ணி காட்டியது. பாதிக் கல்லை வெளியே எடுத்து அடுக்க வேண்டியதாயிற்று. ரவிக்கை முழங்கைவரை நனைந்து, முடியெல்லாம் உப்பாகி அவள் நின்ற கோலத்தைப் பார்த்து அவர் இடது கன்னத்தால் சிரித்தார்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. இது உங்க வேலை. நான் பண்ணிட்டிருக்கேன்."

"ஆமா" என்றார்.

அதற்குப் பிறகு காலைகளுக்கு ஓர் ஒழுங்கு வந்தது. வேலைக்குப் போகுமுன் சின்ன மீட்டரில் செம்பின் அளவைப் பார்ப்பாள். இரண்டேகால் இருக்க வேண்டும். குறைந்தால் நோய் போகாது, கூடினால் மீன் போய்விடும். அம்மோனியாவும் பார்ப்பாள். கல்லும் மண்ணும் இல்லாத தொட்டியில் மீனின் கழிவே மீனுக்கு விஷம். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் கால்வாசித் தண்ணீரை மாற்றுவாள், மாற்றிய தண்ணீருக்கு ஏற்ற செம்பைச் சேர்ப்பாள். ஆனால் சேர்க்குமுன் நோட்டோடு ஹாலுக்கு வந்து அவர் முன்னால் நிற்பாள்.

"என்னங்க, மூணு மில்லி போடவா?"

"ஆமா."

நோட்டில் எழுதுவாள்: 'மூன்று மில்லி. கேட்டேன், சரி என்றார்.'

டாக்டர் கையெழுத்தில்லாமல் ஒரு மாத்திரையைக்கூட ஜன்னலுக்கு வெளியே நீட்டாதவள் அவள். எவ்வளவு சின்ன மருந்தானாலும் எழுதியவர் ஒருவர், எடுத்துக் கொடுப்பவர் ஒருவர் என்று இருக்க வேண்டும் என்பது அவள் தொழில் கற்றுக்கொடுத்தது. மீன் விஷயத்தில் டாக்டர் அவர்தான். அவர் எதிரே நோட்டை வைத்துக்கொண்டு நிற்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகவே அவள் காலையில் எழுந்தாள் என்றுகூடச் சொல்லலாம். அந்த நிமிடத்தில் அவர் நோயாளி இல்லை.

ஆறாம் நாள் புள்ளிகள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. மேனேஜர் கடற்பாசியைக் கவ்வி இழுத்துத் தின்றது. ஹாலில் மட்டும் அவர் மீனில்லாத தொட்டியின் எதிரே உட்கார்ந்து, கண்ணாடியில் மூன்று தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருந்தார்.

"மேனேஜர் லீவுல இருக்காருங்க. இஸ்திரி ரூமுல. பதினோரு வாரம். நீங்களே எழுதி வெச்சதுதானே?"

"ஆமா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டினார்.

எட்டாம் நாள் சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்தபோது, ஹாலிலிருந்து உள்ளே போகும் வழியில் தரையெல்லாம் ஈரமாக இருந்தது. பின்பக்கக் குளியலறைக்குப் போகும் வழியும் அதுதான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆண்பிள்ளை, எட்டு வைத்துப் போய்ச் சேருவதற்குள் அவசரம் முந்திக்கொண்டிருக்கும். கேட்டால் கூனிக் குறுகிப் போவார். துணியை எடுத்து ஓசையில்லாமல் துடைத்தாள். நாற்றம் ஒன்றும் இல்லை என்பது அப்போது தோன்றவில்லை. துடைக்காமல் விட்ட ஓரங்களில் மறுநாள் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அதையும் துடைத்தாள்.

அந்த ஒன்பதாம் நாள் காலை மீட்டர் ஒன்றே முக்கால் காட்டியது. தண்ணீர் மாற்றும்போது குறைத்துப் போட்டிருப்பேன் என்று நினைத்து, கேட்டு, ஆமா வாங்கி, சேர்த்தாள். மறுநாள் ஒன்றரை. சேர்த்தாள். அதற்கு மறுநாளும் அதே ஒன்றரை. மீன் கடைக்காரருக்குப் போன் செய்தாள். கணவரிடம் பத்து வருடமாகப் பழகியவர்.

"உள்ள கல்லு கில்லு ஏதாவது இருக்காக்கா? கிளிஞ்சலு, பவளத் துண்டு?"

"சுத்தமா காலிங்க. மருந்து எடுத்துக் குடுக்கறதுதாங்க என் வேலை. எனக்குத் தெரியாதா?"

"கோச்சுக்காதீங்கக்கா. செம்பு காத்துலயா போகும்? எதையோ ஒண்ணு குடிக்குது. பார்த்து சேருங்க, திடீர்னு ஏத்திடாதீங்க. மீட்டரை வேணா மாத்திப் பாருங்க."

மீட்டரை மாற்றினாள். புது மீட்டரும் ஒன்றரை என்றது.

சனிக்கிழமை நாத்தனார் வந்தாள். அண்ணி நோட்டோடு அண்ணன் முன்னால் நிற்பதைக் கதவில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு மில்லி கூட்டவாங்க?"

"ஆமா."

"அண்ணி, ஒரு தடவை 'குறைக்கவா'ன்னு கேட்டுப் பாருங்களேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"நீ டீ குடிச்சிட்டுக் கிளம்பு. இருட்டறதுக்குள்ள போய்ச் சேரு" என்றாள். நாத்தனார் அன்று டீ குடிக்காமலே கிளம்பினாள்.

பதினாலாம் நாள் புள்ளிகள் திரும்பி வந்தன. இந்த முறை செவுளுக்குள்ளும் இருக்க வேண்டும், மேனேஜர் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. ரவுண்டு வருவதை நிறுத்திவிட்டது. குழாயின் வாய்க்குள் புகுந்துகொண்டு வால் நுனியை மட்டும் வெளியே காட்டியபடி கிடந்தது. களைத்த மீனைக் கலைக்க வேண்டாம் என்று அவள் குழாயைத் தொடாமல் சுற்றிலும் மட்டும் அழுக்கை உறிஞ்சினாள். இரண்டு நாள் லீவு போட்டாள். மருந்தக மேலாளரிடம், "வீட்டுல உடம்பு சரியில்ல" என்றாள். கணவருக்கு என்ன என்று அவர் விசாரித்தார். அவள் திருத்தவில்லை.

பதினாறாம் நாள் மத்தியானம் வால் அசையவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். வலையின் கம்பியால் மெல்லத் தொட்டாள். பிறகு கையை விட்டுக் குழாயை வெளியே தூக்கினாள். கனத்தது. வெறும் பிளாஸ்டிக் குழாய் இத்தனை கனக்காது.

வாளியில் கவிழ்த்தாள். முதலில் மீன் விழுந்தது. அதன் பின்னால், ஒரு முஷ்டியளவு கல். ஊதா நிறம் படர்ந்த, நடுவில் பள்ளம் விழுந்த கல். பெரிய தொட்டியின் இடது மூலையில், மேல் வரிசையில் இருப்பது. பதினொரு வருடமாக மேனேஜர் தூங்கியது அந்தப் பள்ளத்தில்தான்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஈரத் தரை, பூத்த உப்பு, ஒன்றரையில் நின்ற மீட்டர், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அவள் எதிரில் நின்றன. செம்பைக் குடித்தது இதுதான். நோய்த் தொட்டியிலிருந்து கிருமியின் முட்டைகளை ஒட்டவைத்துக்கொண்டு வந்ததும் இதுதான். மீனில்லாத தொட்டியில் ஒரு கல் குறைந்ததை அவள் கவனிக்கவில்லை. தினமும் அதன் எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான். ஒரு கையால் கல்லை எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இழுக்கும் காலோடு அத்தனை தூரம் வந்திருக்கிறார். மூடியைத் திறந்து, குழாயின் வாயைத் தடவிக் கண்டுபிடித்து உள்ளே தள்ளியிருக்கிறார். சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு எழுதியவர்.

கல்லை ஒரு கிண்ணத்தில் வைத்து ஹாலுக்கு எடுத்துப் போனாள்.

"இத நீங்களாங்க வெச்சீங்க?"

அவர் முகம் மலர்ந்தது. இடது கையால் நெஞ்சைத் தட்டி, "ஆமா, ஆமா" என்றார். பிறகு உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் காட்டினார். தூங்குவதற்கு. அது தூங்குவதற்காக.

'நீங்களே கொன்னுட்டீங்களே' என்று நாக்கின் நுனிவரை வந்ததை அவள் விழுங்கினாள். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், நல்ல காரியம் செய்துவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருப்பவர் போல. நோட்டு மேஜைமேல் கிடந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்து, சிவப்பு எழுத்தை அவர் எதிரே பிடித்தாள். அவர் பார்த்தார். பக்கத்தின் ஓரத்தில் இருந்த கிரீஸ் கறையை விரலால் தடவினார்.

அவள் நோட்டை மூடி வைத்தாள். பிறகு கேட்டாள்:

"என்னங்க, இன்னைக்குத் தொட்டியில ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போடவா?"

ஒரு சிரிப்பு வந்தால் போதும் என்றிருந்தது. ஒரு முறைப்பு வந்தாலும் போதும். உப்பு அரை கிராம் கூடினதற்கு வீட்டையே இரண்டாக்கியவர் அவர். அவர் நெற்றியைச் சுருக்கினார். லிஃப்டின் பெட்டியைத் திறக்குமுன் யோசிப்பாரே, அதே யோசனை, அதே பொறுப்பான முகம்.

"ஆமா" என்றார்.

"சரிங்க" என்றாள்.

கதவை நெம்பித் திறந்து பார்த்தால் லிஃப்ட் காலியாக இருந்ததுபோல் இருந்தது. இத்தனை நாள் யாரிடம் பேசிக்கொண்டிருந்தோம்? வலிக்குதா என்றதற்கு, டீ போடவா என்றதற்கு வந்த ஆமாக்கள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. அந்த வரிசையில் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்த மனது, ஆஸ்பத்திரிக் கட்டிலின் அருகே வந்ததும் நின்றுவிட்டது. அந்தக் கேள்வியை இன்னொரு முறை கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள். என்ன பதில் வரும் என்பது தெரிந்ததுதான். வாயை மூடிக்கொண்டாள்.

மீனைச் செய்தித்தாளில் சுற்றிப் பின்பக்கச் செடித்தொட்டியில் புதைத்தாள். கோமாளி ஜோடியும் நீலக்குட்டியும் உயிரோடுதான் இருந்தன. நோயைக் கொண்டுவந்த நீலக்குட்டியின் மேல் ஒரு புள்ளிகூட இல்லை. தண்ணீர் முழுவதையும் மாற்றினாள். புதுக் குழாய் வைத்தாள். செம்பை இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டேகாலுக்குக் கொண்டுவர வேண்டும், பிறகு முப்பது நாளையும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். அளவை அவளே கணக்கிட்டாள். நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பழக்கத்தில் ஹால் வாசல்வரை வந்துவிட்டாள். அவர் கண்ணாடியில் மூன்று தட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். அங்கேயே நின்று எழுதினாள்: 'மூன்று மில்லி.' அதன் பக்கத்தில் வழக்கமாக எழுதுவதை எழுதவில்லை.

செம்பு குடித்த கல்லை மறுபடி எந்தத் தொட்டியிலும் போட முடியாது. குப்பையில் போடத்தான் எடுத்துப் போனாள். வாளியருகே நின்றபோது வேறொன்று தோன்றியது. தலையாட்டு என்றால் ஆட்டியிருக்கிறார், கையை நீட்டு என்றால் நீட்டியிருக்கிறார், வாயைத் திற என்றால் திறந்திருக்கிறார். பழக்கத்தில் கண்ணாடியைத் தட்டுவதை விட்டால், ஒன்பது மாதத்தில் யாரும் கேட்காமல் அவராகச் செய்த ஒரே காரியம் இந்தக் கல்.

கழுவித் துடைத்து, அவர் நாற்காலிக்குப் பக்கத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். ஈரம் காயக் காய ஊதா நிறம் மங்கி, நாலைந்து நாளில் வெளுத்துப் போயிற்று. அவர் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் அவள் கேட்காமலே டீ போட்டுக் கொண்டுவந்து, இடது கைக்கு எட்டுகிற பக்கமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.